இடம் எழுதாத செடி

— இடம்னு போட்ட கட்டத்தை ஏங்க காலியா விட்டிருக்கீங்க?

— நீ செடியை ஒட்டு. பசை காயுது.

— கல்யாணம் ஆன நாள்லேருந்து உங்க செடியெல்லாம் நான்தான் தாள்ல ஒட்டுறேன். இடம் இல்லாம ஒண்ணு கூட வந்ததில்ல. இதுல புதுச் செடின்னு வேற சொல்றீங்க. எங்க கிடைச்சுதுன்னு சொல்லாட்டி எவன் ஏத்துக்குவான்?

— சொல்லலாம், சொல்லலாம்.

— பேருலயும் பாதிதான் இருக்கு. பேரினம் போட்டிருக்கீங்க, அதுக்குப் பின்னால இதுக்குன்னு வைக்கிற பேரைக் காணோம். என்னமோ மறைக்கிறீங்க.

— பாரு, போன வருஷம் அந்த வெள்ளைப்பூப் புதருக்கு எல்லாத்தையும் எழுதினேன். என்ன ஆச்சு? கட்டுரை அச்சுக்குப் போறதுக்குள்ள வேரோட காணோம்.

— ஆடு மேஞ்சிருக்கும்.

— ஆடு குழி தோண்டுமா? அடுத்த மாசம் பல் டாக்டர் வாசல்ல தொட்டியில நிக்குது.

— அது ஏதோ தோட்டத்துச் செடி.

— மகரந்தத்தாள் அஞ்சு, அடியில மயிர், இலைக்குக் கீழ கருப்புப் புள்ளி. நான் பார்த்துப் பார்த்து எழுதின செடி எனக்கு அடையாளம் தெரியாதா? தொட்டியில உன் தம்பியோட நர்சரி பேரு.

— சும்மா எல்லாத்தையும் அவன் தலையில கட்டாதீங்க.

— இடம் எழுதின அந்தத் தாளைப் பார்த்தது நீயும் நானும்தான்.

— அப்ப என்னையும் சேர்த்துத்தான் சந்தேகம். நல்லா இருக்குங்க. எனக்கும் ஒரு சந்தேகம் உண்டு, கேட்டுக்கங்க. இந்தத் தாள்ல இருக்கிற இலை ஒரு செடியோடது, பூ இன்னொண்ணோடது. ரெண்டையும் சேர்த்து வச்சு ஊரை ஏமாத்தப் பார்க்கறீங்க. அதான் வாயில இடம் வரமாட்டேங்குது.

— காம்பைப் பாரு. ரெண்டும் ஒரே கிளை.

— அப்ப இடத்தைச் சொல்லுங்க.

— சரி, எழுதிக்கோ. கல் குவாரிக்குப் பின்னால இடிஞ்ச தண்ணித் தொட்டி. அதுக்குக் கிழக்கால.

— பொய்.

— ஏன்?

— தொட்டியைச் சுத்தி நாங்க தேடியாச்சு. வெறும் பாறைதான். ஒரு புல்லு பூண்டு கிடையாது.

— அந்த இடத்தைப் போன வாரம் உன் தம்பிகிட்ட மட்டும்தான் சொன்னேன். வேணும்னேதான் இல்லாத இடத்தைச் சொன்னேன். அவன் மண்வெட்டியோட போவான்னு தெரியும். கூட நீயும் போவேன்னு நினைக்கலடி.

— ஏங்க...

— பசை காஞ்சிடுச்சு பாரு.

— அந்த ரெண்டாவது பேரு... அதையாவது சொல்லுங்க.

— உன் பேரைத்தான் வச்சிருந்தேன்.