மாடியில் திறந்த குழாய்

என் வீட்டு சிங்க் கட்டிய நாளிலிருந்து ஒருமுறைகூட அடைத்துக்கொண்டதில்லை. பெருமைக்குச் சொல்லவில்லை. தட்டில் மிஞ்சியதை வழித்துக் குப்பையில் போட வேண்டும், ஓட்டைக்குச் சல்லடை மூடி போட வேண்டும், எண்ணெய்ச் சட்டியைப் பழைய செய்தித்தாளால் துடைத்த பிறகுதான் கழுவ வேண்டும். இதற்குக்கூட வளையாத மகராசிகள்தான் பிளம்பருக்குப் போன் போட்டுவிட்டு மூக்கைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

என் தங்கை தஹ்மீனாவும் அப்படி நின்றாள். அவள் கீழ் வீடு, நான் மாடி. எங்கள் ஊரில் வீடு பெண்பிள்ளைகளுக்குத்தான். மாப்பிள்ளை பெட்டியைத் தூக்கிக்கொண்டு பெண் வீட்டுக்கு வந்துவிடுவார். உம்மா வாசலும் கிணறும் உள்ள கீழ்த்தளத்தைச் சின்னவளுக்கு எழுதிவைத்தார். மூத்தவள் எனக்கு வெயிலும் தண்ணீர்த் தொட்டியும் கிடைத்தன. அதில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

இரண்டு சிங்க்கின் குழாயும் தரைக்கு அடியில் ஒன்றாகச் சேர்ந்து தெருச் சாக்கடைக்குப் போகிறது. சேர்ந்த பிறகு அடைத்துக்கொண்டால், மாடியில் ஊற்றும் தண்ணீர் கீழ் வீட்டு சிங்க் வழியாகப் பொங்கும். பிளம்பர் இதை விளக்கியபோது கவலையோடு தலையாட்டிக் கேட்டுக்கொண்டேன்.

தஹ்மீனாவின் மகள் நுஸைபாவைப் பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் எனக்குச் சந்தோஷம்தான். பையன் அப்துல் ரஹ்மான், ஒரத்தநாட்டில் படித்த கால்நடை டாக்டர். “மாட்டு டாக்டர்தானே” என்று என் வீட்டுக்காரர் சிரித்தார். மாடு உதைத்தாலும் பொறுத்துக்கொள்கிறவன். மருமகனுக்கு வேறென்ன தகுதி வேண்டும்? என் மகள் பர்வினுக்கும் வயது ஏறிக்கொண்டிருந்தது. கீழேயே ஒரு பெண் இருக்கும்போது, முட்டிவலியோடு மாடியேறி இன்னொரு பெண்ணைப் பார்க்க யார் வருவார்கள்?

ஆட்டுக் கொழுப்பை உருக்கி சிங்க்கில் ஊற்றினேன். அப்படியே விட்டால் என் குழாயில்தான் உறையும். அதனால் பின்னாலேயே கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விட்டேன். அது தரைக்கு அடியில் போய் ஆறி, நிதானமாக உறைந்தது. தினமும் கொஞ்சம். இதிலெல்லாம் அவசரம் கூடாது.

அன்று பையனின் தாயார் சைத்தூன் பீவி கூடத்தில் உட்கார்ந்து, வட்டிலப்பத்தை முதல் கரண்டி வாயில் வைக்கும்வரை நானும் கூடவே இருந்து உபசரித்தேன். பிறகு மேலே போய்க் குழாயைத் திறந்துவிட்டு, டிரம்மில் பிடித்துவைத்த தண்ணீரையும் வாளி வாளியாகக் கவிழ்த்தேன். முதலில் கூடத்துக்கு நாற்றம் வந்திருக்கிறது, பின்னாலேயே தண்ணீர். நான் இறங்கி வந்தபோது பட்டு உடுத்திய நுஸைபா, சர்பத் தட்டோடு கணுக்காலளவு அழுக்குத் தண்ணீரில் நின்றாள். சைத்தூன் பீவி இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கி வைத்திருந்தார்.

“என்னம்மா இது, அடுப்படியா சாக்கடையா?”

“ராத்தா, இங்க வந்து கொஞ்சம் பாருங்களேன்” என்று தஹ்மீனா என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள்.

“நீ அழாத. நான் பாத்துக்கிறேன்” என்றேன். சைத்தூன் பீவியிடம், “மேல வாங்க. கை கழுவிட்டு ஒரு டீ குடிச்சிட்டுப் போங்க” என்றேன்.

அவர் என் சிங்க்கில் கை கழுவினார். அந்தத் தண்ணீரும் கீழேதான் போயிற்று, நுஸைபா துடைத்துக்கொண்டிருந்தாள். பளபளவென்றிருந்த சமையலறையைச் சுற்றிப் பார்த்தார். பர்வின் டீ கொண்டுவந்தாள். அவளையும் பார்த்தார்.

இப்போது அப்துல் ரஹ்மான் எங்களோடு மாடியில்தான் இருக்கிறார். நல்ல பிள்ளை, தட்டை அவரே வழித்துப் போட்டுவிடுகிறார். நுஸைபாவுக்கு ஊரில் சாக்கடை வீட்டுப் பெண் என்று பெயராகிவிட்டது. வருகிற வரன் எல்லாம் தெருமுனையோடு திரும்பிவிடுகிறது. அவள் வாசலுக்கே வருவதில்லை. “அன்னைக்கு நீங்க இல்லாட்டி இன்னும் மானம் போயிருக்கும் ராத்தா” என்று தஹ்மீனா இன்றும் சொல்கிறாள்.

செய்ததெல்லாம் பர்வினுக்காகத்தான். பெற்றவள் வேறென்ன செய்வாள்? தஹ்மீனா மேல் எனக்கு எந்தக் கோபமும் கிடையாது.

பெருநாள் கழித்து நுஸைபாவைப் பார்க்க ஒரு குடும்பம் வருகிறது. பையன் கும்பகோணத்தில் பாத்திரக் கடை வைத்திருக்கிறான், தங்கமான இடம். தஹ்மீனா இப்போதே ஆள் வைத்துக் குழாயைச் சுத்தம் செய்துவிட்டாள். நானும் கறிக்கடையில் கொழுப்பு எடுத்துவைக்கச் சொல்லிவிட்டேன். எனக்குப் பர்வினைத் தவிர வேறு பிள்ளை இல்லை.