அப்புசாமி பேருக்கு வெந்த சோறு

– இனிப்புத் திங்கலைன்னா, பொறவாசப் பொடக்காலிக் கல்லுல அத்தன எறும்பு எப்படீங்க மொய்க்கும்?

– ஏம்புள்ள மருதாத்தா, காத்தால எந்திரிச்சதும் எறும்பு மூஞ்சியிலதான் முளிப்பியா?

– சித்தூரு டாக்டரு அதத்தானுங்க பாக்கச் சொன்னாரு. மூத்தரத்துல சக்கரை போனா எறும்பு மொய்க்கும், எறும்பு நின்னா பத்தியம் புடிக்குதுன்னு அர்த்தம்னாரு. நீங்களும் தலைய ஆட்டிப்போட்டுத்தான வந்தீங்க?

– ஆட்டுன தலைக்கு நீ என்ன போடறே? காத்தால ராயிக்களி, கொள்ளுப்பருப்பு. மத்தியானம் ஒரு கை சாமைச்சோறு, வட்டல் நெறைய பாவக்காய். பொழுதோட மறுக்காவும் களி. நெல்லு வெதைக்கறவன் நானு, சோத்தைக் கண்ணால பாத்துட்டுக் களி உருட்டறேன்.

– மதராசுல புதுசா ஊசி வந்திருக்குதாம், நமக்கு வாய்க்கட்டுத்தான் மருந்துன்னு சொல்லலீங்களா? காலுப் புண்ணு ஆறலைன்னா வெரலை எடுக்கோணும்னாரே, அதும் மறந்து போச்சுங்களா?

– மறப்பனா? அதனாலதான் திங்கலைங்கறேன்.

– போன வாரம் சின்னையன் ஊட்டுச் சீருக்குப் போனீங்களே?

– மோரைக் குடிச்சுப்போட்டு வயித்து வலின்னு எந்திரிச்சுட்டேன். ஒரே ஒரு விள்ளல் வெல்ல ஒப்புட்டு வாயில போட்டேன். போதுமா?

– பாத்தீங்களா! பாத்தீங்களா!

– அட, ஒரு விள்ளலுக்கு வாரம் பூராவா எறும்பு வரும்? அத்தன சந்தேகம்னா எம்பேருக்குத் தெனமும் எதுக்குச் சோறு வடிக்கறே? வாசம் மூக்கைத் தொளைக்குது.

– வடிக்காம? திடீர்னு ஒறம்பரைச் சனம் வந்தா, ஊட்டுக்காரர் எலையில களியவா வெப்பேன்? பூமாரிக்குச் சம்பந்தம் பேசற நேரமுங்க. அப்பனுக்கு நீரிழிவுன்னு தெரிஞ்சா மாப்பிளை ஊட்டார் இந்தப் பக்கம் எட்டிப் பாப்பாங்களா?

– யாரும் வராத நாளைக்கு ஆளுகளுக்குக் குடுத்தரலாமே.

– நல்லாருக்குது! ஊட்டுக்காரர் பேருக்கு ஒலை வெச்ச சோத்தை வாசல் தாண்டி விடுவாங்களா? நாந்தான் திங்கறேன்.

– உம்பட சோத்துக்கு மேலயா?

– ஆமா. உங்களுக்குன்னு வாங்குன அச்சுவெல்லத்தையும் போட்டுப் பெசஞ்சுக்குவேன். வீணாக்க மனசு வல்லீங்க. அத்தனையும் தின்னும் ஒடம்புல ஒட்டல, ரவிக்கை தொளதொளங்குது. எந்நேரமும் தண்ணி தவிக்குது, குடிச்சுக் குடிச்சுப் பொடக்காலிக்கு நடந்தே சலிச்சுப் போச்சு. அடுப்பு வெக்கைதான், அதை விடுங்க. நானு கோவத்துல கேக்கலீங்க, பயத்துல கேக்கறேன். உங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நா இருக்கமாட்டேன்.

– இரு புள்ள. எறும்பு எங்க மொய்க்குதுன்னே?

– எத்தன தடவைங்க? பொடக்காலிக் கல்லுல.

– நா அங்க போயி மாசமாச்சு. புண்ணுக்காலோட அந்தப் படி எறங்க முடியறதில்ல. தொண்டுபட்டி வேலியோரமாத்தான் போறேன், மாட்டுக்குப் பக்கத்துல.

– வேலியோரமா?

– காத்தால கூடக் குனிஞ்சு பாத்தேன். ஒரு எறும்பு இல்ல.

– அப்ப பொடக்காலிக்கு... பூமாரியும் மாமன் ஊட்டுக்குப் போயி மாசமாச்சே. நம்ம ரெண்டு பேரத் தவிர ஊட்டுல...

– உக்காரு. இங்க, எம்பக்கத்துல உக்காரு.

– ஏனுங்க...

– அளுவாத. வண்டி கட்டறேன், சித்தூரு போயிட்டு வந்தரலாம்.

– ஒலை கொதிக்குதுங்க. உங்க பேருக்கு அரிசி போடோணும்.

– போடாத மருதாத்தா. ரெண்டு வட்டல்லயும் களியே வெய்யி. ஒறம்பரை வந்தா வந்து பாக்கட்டும்.