கோட்டுக்கு உள்ளே இருந்த மண்

மண்ணைக் குவித்து வைப்பது பெரிய வேலையா என்று எல்லோரும் நினைக்கிறார்கள். இந்த உத்தியோகத்துக்கு வரும்வரை நானும் அப்படித்தான் நினைத்தேன். இருபத்திரண்டு வருடம் ஓடிவிட்டது. மூடிப்போன தொழிற்சாலைகளில் தோண்டி எடுக்கும் நச்சு மண்ணை எங்கே வைக்கலாம், எத்தனை நாள் வைக்கலாம், எப்படி மூட வேண்டும் என்று பார்ப்பது என் வேலை. அலுவலகத்தில் என்னை 'ஸ்கேல் மேடம்' என்பார்கள். வரைபடத்தில் ஒரு கோட்டைக்கூட நான் வெறுங்கையால் இழுத்ததில்லை. அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பார்கள். நானும் கூடச் சிரிப்பேன்.

முதலில் கான்ட்ராக்டரை விட்டுவிடுங்கள், ஐயா. குவியலை அகற்றியபோது அடிவிரிப்பு கிழிந்திருந்தது என்று அவரை ஸ்டேஷனில் பிடித்து வைத்திருக்கிறீர்கள். அவர் வாயில்லாப்பூச்சி. உங்களுக்குப் பயந்தே செய்யாததையெல்லாம் ஒப்புக்கொள்வார். நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள். அவசரமில்லை.

எங்கள் சட்டம் கேட்பதற்குக் கொஞ்சம் விசித்திரமாக இருக்கும். சுத்தம் செய்ய வேண்டிய இடத்தைச் சுற்றி ஓர் எல்லைக்கோடு போடுவோம். அதற்குள் தோண்டிய மண்ணை இங்கிருந்து அங்கே தள்ளலாம், குவிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். கோட்டைத் தாண்டி ஒரு கூடை வெளியே போனால் போதும், அது அபாயக் கழிவு. லாரிக்கு அனுமதி, வழிக்கு அனுமதி, இறக்கும் இடத்துக்கு அனுமதி என்று உயிரை எடுத்துவிடுவோம். குவியலுக்கும் நிபந்தனைகள் உண்டு. அடியில் கனத்த பிளாஸ்டிக் விரிப்பு, மேலே தார்ப்பாய், சுற்றிலும் வாய்க்கால், பக்கத்தில் ஒரு சோதனைக் கிணறு. இரண்டு வருடத்துக்குள் அதை அப்புறப்படுத்த வேண்டும். கோடு எங்கே போகிறது, குவியல் எங்கே நிற்கிறது என்பதை முடிவு செய்வது என்னைப் போன்ற ஆய்வு அதிகாரி.

இந்தத் தொழிற்சாலையில் இரும்புப் பாகங்களை எண்ணெய்ப் பிசுக்குப் போகக் கழுவினார்கள். கழுவும் திரவம் லேசாக இனிப்பு வாசனை அடிக்கும். பழசாகிப்போனதைப் பின்பக்க மண்ணிலேயே கொட்டினார்கள். என் அண்ணன் அங்கே தொட்டியில் வேலை பார்த்தான். அங்கிருந்த கிணற்றுக் குடிநீரைப் பரிசோதனைக்கு எடுத்து அனுப்புவதும் அவன்தான். அந்தத் திரவம் தண்ணீரில் கலந்திருந்தால், காற்று பட்டதும் பறந்துவிடும். அதனால் சீசாவைத் தளும்பத் தளும்ப நிரப்பி, ஒரு குமிழிகூட இல்லாமல் மூட வேண்டும். மேனேஜர் அவனுக்கு வேறு மாதிரி சொல்லிக் கொடுத்திருந்தார்.

"பாதி ரொப்பினா போதும். கொஞ்ச நேரம் வெயில்ல வச்சிட்டு மூடு. எல்லாம் நம்ம நல்லதுக்குத்தான்."

அண்ணன் அப்படியே செய்தான். அறிக்கைகள் சுத்தமாக வந்தன. அந்தத் தண்ணீரைத்தான் அவனும் பதினோரு வருடம் குடித்தான். கல்லீரல் போய், சிறுநீரகம் போய்ப் படுத்த பிறகுதான் என்னிடம் சொன்னான். "என் கையாலதான் மூடி அனுப்பினேன், பாப்பா." ஏழு மாதம் அவன் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். மேனேஜர் ஒருநாள்கூட எட்டிப் பார்க்கவில்லை. முப்பத்தாறு வயதில் அண்ணன் போனான். அன்றிலிருந்து அந்த மனிதரை வெறுத்தேன். அந்த வெறுப்பு தானாக ஆறவில்லை. நானும் ஆறவிடவில்லை.

தொழிற்சாலை மூடியது. பல வருடம் கழித்து இடத்தைச் சுத்தம் செய்ய உத்தரவு வந்தது. அந்தக் கோப்பை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். சம்பந்தப்பட்ட இடத்தில் உறவினர் யாரும் உண்டா என்று படிவத்தில் ஒரு கேள்வி வரும். இல்லை என்று எழுதினேன். உண்மையும் அதுதானே, அண்ணன்தான் இல்லையே.

கம்பெனி சார்பில் வேலையை மேற்பார்வையிட்டவர் அதே மேனேஜர். தொழிற்சாலையை ஒட்டிய சரிவில் கம்பெனி வீடு, அதில் அவரும் மனைவியும். பிள்ளைகள் இல்லை. மனைவி பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கூலியாட்கள் முதல் கான்ட்ராக்டர்வரை அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். வீட்டுக்குப் பின்னால் ஒரு கிணறு. அந்தத் தண்ணீரில்தான் சமையல், குடிப்பது எல்லாம்.

எல்லைக்கோட்டை அந்த வீட்டு மதில்வரை கொண்டுபோனேன். கிணறு கோட்டுக்கு வெளியே நாற்பதடியில் இருந்தது. குவியலை மதிலுக்கு இந்தப் பக்கம், மேட்டில் நிறுத்தச் சொன்னேன். கம்பெனிக்கு ஒரே சந்தோஷம், வெளியே கொண்டுபோகிற வேலை மிச்சம் என்று. எல்லாம் சட்டப்படி. நீங்கள் வேண்டுமானால் சரிபார்த்துக்கொள்ளலாம்.

விரிப்பை நான் கிழிக்கவில்லை. முதல் மழைக்கு முன்னால் பொக்லைன் பல்லு பட்டு அதுவாகவே கிழிந்தது. கான்ட்ராக்டர் அன்றே ஓடிவந்தார்.

"மேடம், அடிஷீட் ரெண்டு எடத்துல போயிருச்சு. மண்ண ஒதுக்கிட்டு மாத்திரட்டுமா? ரெண்டு நாள் வேலைதான்."

"மழை முடியட்டும். இப்பப் பிரிச்சா இன்னும் மோசமாயிடும்."

"மழைக்கு முன்னாடியே செஞ்சாத்தானே நல்லது?"

"நான் பாத்துக்கறேன்னு சொல்றேன்ல."

அவர் தலையை ஆட்டிக்கொண்டு போய்விட்டார். மழை முடிந்ததும் திரும்பக் கேட்டார். நான் திரும்பத் தள்ளிப்போட்டேன். மாத அறிக்கையில் 'விரிப்பு நல்ல நிலையில் உள்ளது' என்று எழுதினேன். மொத்தம் முப்பது மாத அறிக்கைகள். எல்லாவற்றிலும் அதே வரி, அதே கையெழுத்து.

சோதனைக் கிணற்றிலும் வீட்டுக் கிணற்றிலும் நானே மாதிரி எடுத்தேன். அண்ணனுக்குச் சொல்லிக் கொடுத்தபடியே பாதி நிரப்பி, வெயிலில் வைத்து, மூடினேன். ஆய்வுக்கூடத்துக்காரர்களிடம் தப்பில்லை. சீசாவில் மிச்சமிருந்ததைத்தானே அவர்கள் சோதிக்க முடியும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். மேனேஜருக்கு ஒன்றும் ஆகக்கூடாது என்பதில் நான் கவனமாக இருந்தேன். முதல் வாரமே அவரிடம் சொன்னேன்.

"சார், வேலை நடக்குற எடத்துல இருக்கீங்க. நாள் பூரா கேன் தண்ணியே குடிங்க. சாப்பாடும் வெளியிலேருந்து வரவழைச்சுக்கோங்க. தொழிலாளிங்களுக்கும் அதேதான் சொல்லியிருக்கேன்."

"அப்ப வீட்டுக் கெணறு?"

"அது கோட்டுக்கு வெளிய, சார். அதோட ரிப்போர்ட்டும் சுத்தமா வந்திருக்கு."

விடிந்ததும் போனால் இருட்டிய பிறகுதான் வீடு திரும்புவார். அவர் வீட்டில் குடித்தது குறைவு. டீச்சர் வீட்டிலேயே இருந்தார்.

மாதம் ஒருமுறை நான் போகும்போதெல்லாம் வாசலுக்கே வந்துவிடுவார். "வாம்மா, இந்த வெயில்ல வந்திருக்கே. ஒரு வாய் தண்ணி குடிச்சிட்டுப் போ." இப்போதுதான் குடித்தேன் என்பேன். கூலியாட்களின் பிள்ளைகளுக்கு வேண்டிய மனுக்களை அவர் எழுதிக் கொடுப்பார். கணவருக்குச் சட்டைப் பொத்தான் தைத்துக்கொண்டே என்னிடம் பேசிக்கொண்டிருப்பார். எனக்கு அவரைப் பிடித்திருந்தது. அது வேலைக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும் என்று நினைக்காதீர்கள். பிடித்திருந்ததால்தான், அவர் இல்லாமல் அந்த மனிதர் எப்படிக் கிடப்பார் என்று என்னால் தெளிவாகப் பார்க்க முடிந்தது.

ஒன்றரை வருடத்தில் டீச்சருக்குப் பசி நின்றது. கண் மஞ்சளானது. டாக்டர் புத்திசாலி, எடுத்த எடுப்பில் தண்ணீரைப் பற்றித்தான் கேட்டாராம். மேனேஜர் என் அறிக்கைகளை ஒன்றுவிடாமல் கொண்டுபோய்க் காட்டியிருக்கிறார். அதற்குப் பிறகு டாக்டர் அந்தப் பேச்சையே எடுக்கவில்லை.

இரண்டு வருடம் முடிந்தது. குவியலை எடுக்க வேண்டிய கெடு. ஆறு மாதம் நீட்டித்துக்கொள்ளச் சட்டத்தில் இடமிருக்கிறது. விண்ணப்பம் போடச் சொல்லிக் கம்பெனிக்கு நானே யோசனை சொல்லி, நானே அனுமதியும் கொடுத்தேன். அப்போது டீச்சர் நடமாடிக்கொண்டுதான் இருந்தார்.

நீட்டிப்பு முடிய மூன்று வாரம் இருக்கும்போது அவர் இறந்தார். கடைசி நாட்களில் நான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். மேனேஜர் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து டீச்சர் உதட்டில் வைத்துக்கொண்டிருந்தார். நான் கதவருகே நின்று வெகுநேரம் பார்த்தேன். வயிறு நிறைந்த மாதிரி இருந்தது.

அத்தோடு விட்டிருப்பேன், ஐயா. போன வாரம் அவர் என் அலுவலகத்துக்கு வந்தார். ஆள் பாதியாகிவிட்டார். கையில் டீச்சரின் குடை.

"வெயில்ல வர்ற பொண்ணு, அவகிட்டக் குடுத்துருங்கன்னு சொல்லிட்டுப் போனா, மேடம். எங்களுக்கு நேரம் சரியில்ல, யாரைச் சொல்லி என்ன பண்றது. நீங்க ஒருத்தர்தான் மாசம் தவறாம வந்து பாத்தீங்க. உங்களை மாதிரி நேர்மையானவங்க இருக்குறதாலதான் மனசு கொஞ்சம் ஆறுது."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் நேரத்தைத் திட்டிவிட்டு நிம்மதியாகத் தூங்கப்போகிறார். யார் செய்தது, எதற்காகச் செய்தது என்று அவருக்குத் தெரியவே தெரியாது. அண்ணன் பெயரைச் சொல்லி, கழுவும் தொட்டியில் வேலை பார்த்தவனை நினைவிருக்கிறதா என்று கேட்டேன். நெற்றியைத் தேய்த்துக்கொண்டு யோசித்தார்.

"எத்தனையோ பேர் வந்தாங்க, போனாங்க, மேடம்."

கான்ட்ராக்டருக்காக வந்தேன் என்று நினைத்துக்கொண்டுதான் உங்கள் படியேறினேன். அது உண்மையில்லை என்று பேசப் பேச எனக்கே தெரிகிறது. அவர் நல்லவர், நீங்கள் எப்படியும் விட்டிருப்பீர்கள்.

இதை டைப் அடித்ததும் ஒரு பிரதியை மேனேஜருக்குக் கொடுத்துவிடுங்கள். அழுதழுது அவருக்குக் கண் சரியாகத் தெரியவில்லை, யாராவது உட்கார வைத்து நிதானமாகப் படித்துக் காட்டட்டும். சீசாவைப் பற்றிச் சொன்ன இடத்தை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள். டீச்சரைக் கொன்றது நான்தான். எங்கே கையெழுத்துப் போட வேண்டுமோ போடுகிறேன். எனக்கு வக்கீல் வேண்டாம், சலுகையும் வேண்டாம். அதைக் கேட்கும்போது அவர் முகம் எப்படி இருந்தது என்று மட்டும் யாராவது வந்து எனக்குச் சொன்னால் போதும்.