நூத்திப் பதினஞ்சு ஷீட்டு

– இடுப்பு விட்டுப்போச்சு, இளையபெருமாளு. கொஞ்சம் இரு, இந்த ஷீட்டு அடுக்குல சாஞ்சுக்கறேன்.

– வெயில்ல காஞ்ச இரும்புக்கா, சுடும். சாக்கு போட்டுக்குங்க.

– சுடட்டும். இருவது வருசம் கலவைச் சட்டி தூக்குன இடுப்புக்கு ஒத்தடமா இருக்கும். எண்ணிட்டியா?

– எண்ணிட்டேன். நூத்திப் பதினஞ்சு. காண்ட்ராக்டர் மங்கையர்க்கரசின்னு போர்டுதான் பெருசு. கூரைக்கு முட்டுக் குடுக்கற சென்ட்ரிங் ஷீட்டு ஒரு பெரிய வீட்டுக்குத்தான் காணும்.

– என் தப்புதான். மாசியில வேலை குடுத்த மூணு பேரும் ஒரே முகூர்த்தத்தக் கேட்டாங்க. நானும் மூணு எடத்துலயும் ஒரே நாள்ல பூமி பூஜை போட்டு, மூணு எடத்துலயும் சுண்டல் தின்னேன்.

– ரோசலியம்மாவுக்கு ஏதுக்கா முகூர்த்தம்?

– அவங்க சர்ச்சு சாமியாருக்கும் அன்னிக்குத்தான் ஒழிஞ்சுதாம். இப்ப மூணு செவுரும் ஒண்ணா எந்திரிச்சு நின்னு கூரை கேக்குது.

– மூணு புள்ளைக்கு ஒரே நாள்ல காது குத்துனா மூணும் ஒண்ணாத்தான் அழுவும். ரோசலியம்மா வீட்ட மொதல்ல போட்டுருவோம்க்கா. ரெண்டரை லட்சம் வருதுல்ல?

– வரும். எப்ப வரும்? ஷீட்டெல்லாம் பிரிச்சு, மேல தண்ணி கட்டி, ஒழுகலன்னு கண்ணால பாத்தாத்தான் காசுன்னு அந்தம்மா பேசியிருக்கு. நூத்திப் பதினஞ்சும் அங்க போய் மாட்டிக்கும். ஜூன் பாதி வரைக்கும் ஒரு ரூவா வராது. ஒரு சனிக்கிழமை கூலி தப்பட்டும், ஆறு பேரும் கீழவாஞ்சூர் துறைமுகத்துல நிலக்கரி லாரிக்கு தார்ப்பாய் கட்டப் போயிடுவானுங்க.

– வாடகைக்கு ஷீட்டு எடுங்க.

– நாகூர் வரைக்கும் கேட்டாச்சு. இருக்கற ஷீட்டெல்லாம் எவன் கூரைக்காவது அடியில நிக்குது.

– அப்ப நீங்கதான் சொல்லுங்க.

– குஞ்சிதபாதத்தோட மளிகைக் கடைக்கு நாப்பத்தஞ்சு ஷீட்டு. காரைக்கால்மேட்டுல கதிரவன் வீட்டுக்கு எழுவது. கூட்டு.

– நூத்தி... அட!

– ரெண்டையும் ஒரே வாரத்துல போடறோம். கடைக்காரரு கான்கிரீட்டு போட்ட அன்னிக்கு சாயங்காலமே, செவுத்துக் கூலியும் சேத்து ஒரு லட்சம் எண்ணிக் குடுத்துருவாரு. அதுல மூணு வாரம் தாராளமா ஓடும்.

– கதிரவன்கிட்ட ஏதுக்கா காசு? மீன்பிடித் தடைக்காலம். அவன் போட்டு கரையில கெடக்கு.

– ஜூன் பதினஞ்சு போட்டு கடல்ல எறங்குது. கடைக் காசு தீர்றப்ப அவன் காசு வரும். ரெண்டு கூரையும் காயிற வரைக்கும் நம்மாளுங்க ரோசலியம்மா வீட்டுல ஷீட்டு கேக்காத வேலையா பாக்கட்டும். உள்செவுரு இருக்கு, தண்ணித்தொட்டி இருக்கு. ஷீட்டு கழண்டதும் மொத்தமும் அங்க ஏறும். அவங்க மகன் பாரிஸ்லேருந்து கிறிஸ்மஸுக்குத்தானே வரான்? ஐப்பசி மழைக்குள்ள கூரை நின்னுரும்.

– இத எங்க உக்காந்து யோசிச்சீங்க?

– பஸ்ஸுல நின்னுக்கிட்டு. சீட்டு எவன் குடுத்தான்?

– சரியா வரும் போலருக்கே. வட்டிக்கு வாங்காம மூணும் முடிஞ்சிரும்.

– முடியும். நீ போயி ரோசலியம்மாகிட்ட மூணாவதுதான்னு பக்குவமா சொல்லு. உன் பேச்சத்தான் கேக்கும்.

– நான் போவலக்கா.

– ஏம்ப்பா?

– வேற யாரையாச்சும் அனுப்புங்க.

– நிமிந்து பாரு. என்ன பண்ணித் தொலைச்ச?

– ஒங்க கூரைதான் மொதல்லன்னு சொல்லி, அவங்ககிட்ட தனியா முப்பதாயிரம் வாங்கிட்டேன்.

– என் ஷீட்ட நீ வித்துருக்க.

– வித்தேன். நர்சிங் காலேஜுல எம்பொண்ணு விஷ்ணுப்ரியாவ பரீட்சை எழுத விடமாட்டோம்னுட்டாங்க. மறுநாளே ஃபீஸு கட்டிட்டேன்.

– பொண்ணு படிப்புக்குன்னா என்கிட்ட வாய் தெறந்து கேக்கறதுக்கு என்னடா கேடு? கூலி குடுக்க ஒரு சனிக்கிழமை தவறியிருக்கனா நான்?

– அவனுங்களுக்குத் தவறல.

– அப்பிடின்னா?

– அவங்க ஆறு பேருக்கும் முழுசா எண்ணிக் குடுத்துட்டு, என்கிட்ட மட்டும் "நீ நம்மாளு, பொறுத்துக்க"ன்னு பாதியக் குடுக்கறீங்க. மாசியிலேருந்து பதினோரு வாரம். நான் ஒங்ககிட்ட எந்த வாயால கேக்கறது?

– பதினோரு வாரமா? இரு, எண்ணிப் பாக்கறேன்.

– கோவமாக்கா?

– எந்திரி. ரெண்டு பேருமா ரோசலியம்மா வீட்டுக்குப் போவோம், கடைக் கூரை ஏறுன அன்னிக்கு முப்பதாயிரம் அவங்க கைக்குத் திரும்பி வரும்னு நானே சொல்றேன். அது என் காசு இல்ல, உன் காசு. வாரத்துக்கு மூவாயிரம், பதினோரு வாரம். முப்பத்து மூவாயிரம் உனக்கு நான் பாக்கி.