பெட்டிக்குள் மணல் போட்டவருக்கு

தென்கரைமங்கலம் நகரசபை அலுவலகத்தில் முப்பத்தொரு ஆண்டுகள் எழுதித் தேய்ந்து, இன்று ஓய்வு பெற்றுப் பாளையங்கோட்டைக்குத் திரும்பும் மகாராஜராஜஸ்ரீ தேவசிகாமணி அவர்களுக்கு, அதே கூரையின் கீழ் அவரோடு எழுதிக்கொண்டிருந்தவர்கள் வணக்கத்தோடும் வெட்கத்தோடும் படைக்கும் மடல்.

ஐயா! முத்துக் கோத்தாற்போல் எழுதும் கைக்கு உரியவரே! அதிராமல் பேசி, அசையாமல் நின்றவரே! பொறுமைக்கு இருப்பிடமே என்றும், கடமைக்கு உறைவிடமே என்றும் தங்களை அழைக்கத்தான் முதலில் எழுதினோம். எழுதியதை வாசித்துப் பார்த்தபோது கூசியது. தங்களைப் பொறுமைசாலி ஆக்கியவர்கள் நாங்களே. ஆகவே வழக்கமான புகழ்மாலையை நிறுத்திவிட்டு, நடந்ததை நடந்தபடி சபையோர் அறியச் சொல்லுகிறோம். முன்வரிசையில் இருக்கிறவர்களும் கேட்கட்டும்.

நம் நகரசபைக்குத் தன் தேர்தல் விதிகளைத் தானே திருத்தி மேலிடத்து அனுமதிக்கு அனுப்பும் உரிமை வந்து சில வருஷங்களே ஆகின்றன. அதற்கு முன்பெல்லாம் வாய்வாக்குத்தான். வரி கட்டுகிறவன் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, தனக்கு வேண்டிய வேட்பாளரின் பெயரை உரக்கச் சொல்லவேண்டும். தலைமை எழுத்தரான தேவசிகாமணி அதைப் பேரேட்டில் எழுதுவார். மேஜைக்கு மூன்று முழம் தள்ளி, சாய்வு நாற்காலியில் தில்லைநாயகம் பிள்ளை இருப்பார். கடைத்தெருவில் பாதிக் கடைகள் அவருடையவை. வேட்பாளரும் அவரே. நாற்காலி போடக்கூடாது என்று எந்த விதியும் இல்லை.

1907-ஆம் வருஷத் தேர்தலில் அவரை எதிர்த்து நின்றவர் பாய் வியாபாரி உமர் பாரூக் சாயபு. பிள்ளையின் கடையொன்றில் கருப்பட்டி விற்ற முத்துமாலை மேஜைக்கு முன்னால் வந்து நின்றான். வெகுநேரம் நின்றான்.

"என்னலே, பேரு மறந்துட்டா?" என்றார் பிள்ளை, சிரித்துக்கொண்டே.

"மறக்கல அண்ணாச்சி. உமர் பாரூக் சாயபு."

தேவசிகாமணியின் பேனா ஒரு கணம் நின்றது. பிறகு எழுதியது. அந்தத் தேர்தலில் பிள்ளையே ஜெயித்தார். ஆடி பிறக்குமுன் முத்துமாலையின் கடைக்குப் பூட்டு விழுந்தது. கருப்பட்டிச் சிப்பங்கள் மழையில் தெருவில் கிடந்து கரைந்தன. அவ்வழியாக வீட்டுக்குப் போன தேவசிகாமணி, ஓடையில் பழுப்பாக ஓடிய தண்ணீரைப் பார்த்து நின்றார். பூட்டியவர் பிள்ளை. ஆனால் அந்த வாக்கை எழுத்தாக்கிச் சாட்சியாக வைத்தது தன் கைதானே என்ற நினைப்பு அவரை விடவில்லை. அன்று ஆற்றங்கரைப் படியில் இருட்டும்வரை உட்கார்ந்திருந்தார். மனைவி சாரம்மாள்தான் தேடி வந்து அழைத்துப் போனாராம். மறுநாள் காலை நகரசபைக்கு நான்கு பக்க விண்ணப்பம் எழுதினார். வாக்கு மறைவாக இருக்கவேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

அந்த நான்கு பக்கத்தைப் படிக்க நம் சபைக்கு இரண்டரை வருஷம் பிடித்தது. உபகமிட்டி ஒன்பது முறை கூடிற்று. ஏழு முறை காபி குடித்துக் கலைந்தது. கடைசியில் திருத்தம் பிறந்தது. திரைக்குப் பின்னால் இரண்டு பெட்டிகள், பெட்டிக்கு ஒரு நிறம், எழுதத் தெரியாதவனும் தனக்கு வேண்டிய பெட்டியில் ஒரு பித்தளை வில்லையைப் போட்டுவிட்டு வரலாம். நல்ல விதிதான். அதற்காகக் கமிட்டியார் ஒருவருக்கொருவர் மாலை போட்டுக்கொண்டார்கள். ஆனால் புதுப்பெட்டி எதற்கு என்று சிக்கனம் பார்த்து, பழைய பதிவேடு கிடந்த மரப்பெட்டிக்குச் சிவப்பும், மருந்துச் சாமான் வந்த தகரப் பெட்டிக்குப் பச்சையும் பூசி வைத்தார்கள். சிவப்பு பிள்ளைக்கு, பச்சை சாயபுக்கு. ஒன்பது முறை கூடிய அத்தனை பேரில் ஒருவர்கூட ஒரு வில்லையைப் போட்டுப் பார்க்கவில்லை.

1910, பங்குனி மாதம். பழைய இடத்திலேயே நாற்காலி. திரைக்கு இந்தப் பக்கம் பிள்ளை கண்ணை மூடிக்கொண்டு இருந்தார். தூங்குகிறார் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். திரைக்குப் பின்னால் 'டொக்' என்றது. சிறிது நேரம் கழித்து 'டணார்' என்றது. வெளியே வந்த வண்டிக்காரனைப் பார்த்துப் பிள்ளை கண்ணைத் திறந்தார்.

"ஏலே, தகரத்துல போட்டுட்டு வாரியா? போ, போ. வண்டி மாட்டுக்கு வைக்கோல் எங்கன வாங்குதேன்னு பாப்போம்."

வண்டிக்காரன் முகம் வெளுத்தது. வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டது. அதற்கப்புறம் டொக், டொக், டொக் என்று மரமே பேசிக்கொண்டிருந்தது.

வரிசையில் பதினேழாவது ஆளாக முத்துமாலை நின்றான். எட்டு மாதம் அலைந்து அடுத்த தெருவில் ஒரு கடை பிடித்திருந்தான். அந்தக் கடை வரிசையையும் பிள்ளை தைமாதம் வாங்கிவிட்டார். தேவசிகாமணி அவனைப் பார்த்தார். அவன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். மூன்று வருஷத்துக்கு முன் பெயரைச் சொன்ன வாய், இப்போது வில்லையை இறுக்கிப் பிடித்திருந்த கைபோலவே மூடியிருந்தது. விண்ணப்பம், கமிட்டி, திருத்தம், மேலிடத்து அனுமதி எல்லாம் சேர்ந்து இவனுக்குக் கொடுத்தது ஒரு தகரச் சத்தம்தானா என்று தேவசிகாமணி தன்னையே கேட்டுக்கொண்டார்.

தேர்தல் அதிகாரி மதியச் சாப்பாட்டுக்குப் போயிருந்தார். தேவசிகாமணி எழுந்தார். கொல்லைப்புறப் படிக்கட்டில் இறங்கி, தண்ணீர் ஒதுங்கிக் கிடந்த ஆற்றோரத்திலிருந்து இரண்டு வாளி உலர்ந்த மணல் கொண்டுவந்தார். திரையைத் தூக்கிக் கட்டினார். எல்லோரும் பார்க்க, பழைய அறிவிப்புத்தாளைக் கூம்பாகச் சுருட்டிப் பெட்டியின் வாயில் செருகி, மணலைப் பைய உள்ளே விட்டார். பூட்டைத் தொடவில்லை. அரக்கு முத்திரை அப்படியே இருந்தது. சிவப்புக்கு ஒரு வாளி, பச்சைக்கு ஒரு வாளி.

பிள்ளை நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "என்னவே செய்யுதீரு? அது என்ன, பொங்கல் அடுப்பா?"

"சத்தம் கேக்குது அண்ணாச்சி. மறைவா இருக்கணும்னுதான விதி."

"மணல் போடணும்னு விதியில எழுதியிருக்கா?"

"எழுதல. நாற்காலியும்தான் எழுதல."

வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். திரை இறங்கிற்று. முத்துமாலை உள்ளே போனான். டொக் இல்லை, டணார் இல்லை. அந்த ஓசையற்ற நேரத்தில் பிள்ளை கழுத்தை நீட்டிக்கொண்டு நின்றதை நாங்கள் கண்ணால் பார்த்தோம். முத்துமாலை வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, பிள்ளையின் முகத்தை நேராகப் பார்த்தபடி போனான். அவன் எந்தப் பெட்டியில் போட்டான் என்பது இன்றுவரை எவருக்கும் தெரியாது. தெரியக்கூடாது.

மாலையில் சல்லடை இரவல் வாங்கி, மணலைச் சலித்து வில்லைகளை எண்ணினார்கள். சாயபு ஜெயித்தார்.

பெட்டியில் எழுத்தர் கைவைத்துவிட்டார் என்று பிள்ளை புகார் கொடுத்தார். விசாரித்தது அதே உபகமிட்டி; வாக்காளரைக் கூப்பிடாமல் ஊழியரை மட்டும் கேட்டது. அன்று அந்தக் கூடத்தில் இருந்த ஊழியர் எட்டுப் பேர். மணலைத் தவிர வேறொன்றும் அவர் போடவில்லை என்று சொல்ல எட்டு வாய்கள் இருந்தன. "நான் மை கலந்துகிட்டிருந்தேன், பாக்கல" என்றார் நாணு ஐயர். மற்ற ஏழு பேருக்கும் அந்த நேரத்தில் மையோ, தாகமோ, தலைவலியோ இருந்தது. தேவசிகாமணி எங்கள் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்தார். பிறகு சன்னலுக்கு வெளியே பார்த்தார். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்லத்தான் இந்த மடல்.

வில்லை போட்டார் என்பதற்குச் சாட்சி இல்லாததால் தேர்தலைக் கலைக்க அவர்களால் முடியவில்லை. எழுத்தரைத் தண்டிக்க முடிந்தது. "வாக்குப் பெட்டியில் அனுமதியின்றிக் கைவைத்தவர், நம்பத்தக்கவர் அல்லர்" என்று அவருடைய பணிப்பதிவேட்டில் சிவப்பு மையில் எழுதினார்கள். தலைமை எழுத்தர் மேஜையிலிருந்து பிறப்பு இறப்புக் கணக்கு மூலைக்கு மாற்றினார்கள். கைசுத்தத்தைத் தவிர வேறு சொத்து இல்லாத மனிதரின் பெயருக்கு நேரே அந்த வரி. ஆறு வருஷமாக ஊர்ப் பிள்ளைகளின் பெயர்களையெல்லாம் அழகாக எழுதிக்கொண்டிருந்தார். அவர் பெயர் மட்டும் அழுக்காகவே கிடந்தது.

இனிச் சொல்லப்போவதுதான் எங்களை எரிப்பது. தேர்தலில் தோற்ற பிள்ளை, நியமன உறுப்பினராக உள்ளே வந்து தலைவரும் ஆனார். 1913-இல் விதிகளை மறுபடி திருத்தினார்கள். அதில் பதினான்காம் விதி: "இரு பெட்டிகளும் ஒரே மரத்தால் செய்யப்பட்டு, அடியில் இரண்டு அங்குல உயரத்துக்கு உலர்ந்த மணல் பரப்பப்படவேண்டும்." ஏகமனதாக நிறைவேறிற்று. தலைவரின் முன்யோசனையைப் பாராட்டித் தனித் தீர்மானம் வேறு. மேலிடத்துக்கு அனுப்பும் நற்பிரதியை எழுத நல்ல கையெழுத்து வேண்டுமே! மூலையிலிருந்து தேவசிகாமணியைக் கூப்பிட்டார்கள். அவர் உட்கார்ந்து அந்த விதியையும் அந்தப் பாராட்டையும் ஓர் எழுத்துப் பிசகாமல் எழுதினார்.

"உம்ம மணலு சட்டமாயிட்டு வே. ஒரு வார்த்தை கேக்கப்படாதா?" என்றார் நாணு ஐயர், குரலைத் தாழ்த்தி.

தேவசிகாமணி ஒற்றுத்தாளை அழுத்தி மையை உலர்த்தினார். 

"இனிமே முத்துமாலை ஓட்டுப் போட நான் வாளி தூக்க வேண்டாம். அது போதும். எனக்காக நான் கேட்டா நல்லாருக்காது வே. பாத்தவங்க சொல்லணும்."

ஐயா! பார்த்தவர்கள் சொல்லுகிறோம். ஆறு வருஷம் தாமதித்துச் சொல்லுகிறோம். 1910 பங்குனித் தேர்தலில் தாங்கள் இரு பெட்டிகளிலும் போட்டது தாமிரபரணி மணல். மணலைத் தவிர வேறொன்றும் இல்லை. நாங்கள் கண்ணால் கண்டோம். அதை மறைத்தது எங்கள் கோழைத்தனம். மணல் விதியானது உண்மையானால், மணல் போட்டது குற்றமாக இருக்க முடியாது. இரண்டில் ஒன்றைச் சபை அடிக்கட்டும். பதினான்காம் விதியை அடிக்கப்போவதில்லை என்றால், அந்தச் சிவப்பு வரியை அடிக்கட்டும்.

தாங்களும் சாரம்மாள் அம்மாளும் நோயின்றி, நெடுங்காலம், ஆற்றுத் தண்ணீரும் அமைதியுமாக வாழவேண்டும் என்று மனமார வேண்டுகிறோம். தங்கள் பெயரைப் பதிவேட்டில் சுத்தமாகப் பார்க்கும் நாள்வரையிலாவது தாங்கள் வாழ்ந்தே தீரவேண்டும் என்று உரிமையோடும் கேட்கிறோம்.

வாக்குப் போடுகிறவனுக்குத்தான் மறைவு வேண்டும். சாட்சி சொல்லுகிறவனுக்கு வேண்டாம். ஆகவே, தலைவர் தில்லைநாயகம் பிள்ளையவர்கள் முன்வரிசையில் இருக்கும்போதே இதை வாசித்து, அவர் பார்வையிலேயே கையெழுத்திடுகிறோம். எட்டுப் பேரில் இருவர் காலமாகிவிட்டார்கள். அவர்களுக்குரிய இடத்தை வெறுமையாக விட்டிருக்கிறோம்.

தென்கரைமங்கலம்,
1916, சித்திரை.

நாணு ஐயர், இரண்டாம் எழுத்தர் (அன்று மை கலக்கவில்லை, பார்த்துக்கொண்டிருந்தேன்)
ஹரிஹரசுப்பிரமணியன், வரி எழுத்தர்
இஸ்ரவேல், பதிவேட்டுக் காப்பாளர்
பாபநாசம், வரி தண்டல்காரர்
செல்லையா, சேவகர்
மாடசாமி, சேவகர் (கைநாட்டு)
…………
…………