பெயரில்லாத இசைத்தட்டுக்கு யார் காரணம்?

மேடையில் வீற்றிருக்கும் போதகர் அவர்களே, இசைத்தட்டு நிறுவனத்தின் உரிமையாளர் கோரின் லாஸ்கி அம்மையார் அவர்களே, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் ராப் பாடகர் தாடியஸ் பாய்கின் அவர்களே, கணவர் டெல்ராயை இழந்து முன்வரிசையில் வாடி அமர்ந்திருக்கும் ஹயசிந்த் அவர்களே, ஒரு காலத்தில் என் ஸ்கேட்டிங் அரங்கத்தில் டிக்கெட் வாங்காமல் பின்வாசல் வழியாக நுழைந்து, இன்று பேரப்பிள்ளைகளோடு முன்வாசல் வழியாக வந்திருக்கும் பிரான்க்ஸ் பெருமக்களே! ஜெனீவா ப்ரைஸின் வணக்கம்.

எனக்கும் அழத் தெரியும். செவ்வாய்க்கிழமையிலிருந்து அதைத்தான் செய்துகொண்டிருக்கிறேன். ஆனால் இன்று நான் சண்டை போட வந்திருக்கிறேன்!

'முழிச்சிரு பிரான்க்ஸ்!' அந்தப் பாட்டு வெற்றி பெற்றது யாரால்? கோரின் அம்மையார் பேசும்போது தன் முதலீடு என்றார். சரி. அதை முதலில் ஒலிபரப்பிய வானொலிக்காரர் தன் நிகழ்ச்சி என்றார். அதுவும் சரி. தாடியஸ் என்ன சொன்னார்? தன் குரல் என்றார். அதோடு நிறுத்தியிருக்கலாம் அல்லவா? "டெல்ராய் நல்லவன்தான். ஆனா பொறாமையில என் பேரை அழிச்சவன்" என்று, கட்டிய மனைவி கேட்டுக்கொண்டிருக்கும்போது, இரங்கல் கூட்டத்தில் சொல்லலாமா? நாற்பது ஆண்டுகளாகப் பேட்டிக்குப் பேட்டி சொன்னது போதாதா?

டி.ஜே. டெல்ராய் ஹிங்க்சன்! எங்கள் பூங்காக்களின் ராஜா! கம்பத்து விளக்கிலிருந்து மின்சாரம் இழுத்து, இரண்டு தட்டுகளைச் சுழலவிட்டு, ஒரு தெருவையே ஆடவைத்த மகராசன்! அந்த மனிதனா பொறாமைக்காரன்?

அன்று நடந்ததைச் சொல்கிறேன். எண்பத்தொன்றாம் ஆண்டு, கோடைக்காலம். முதல் அச்சுத் தட்டுகள் மொத்தமும் ஒரே பெட்டியில் டெல்ராயின் வீட்டுக்கு வந்து இறங்கின. முன்பக்கம் கோரின் அம்மையார் ஆசைப்பட்டு வாத்தியக்காரர்களை அமர்த்திப் பதிவுசெய்த மெதுவான காதல் பாட்டு. பின்பக்கம், ஸ்டூடியோவில் மிச்சமிருந்த நேரத்தில் டெல்ராய் தாளம் சுழற்ற, தாடியஸ் ஒரே மூச்சில் பொரிந்து தள்ளிய நம் பாட்டு. அதை யாரும் பொருட்டாகவே நினைக்கவில்லை. என் அரங்கத்துக்கு ஒரு தட்டு வாங்கிவர நான் போயிருந்தேன். சற்று நேரத்தில் தாடியஸ் தன் தாயாரை அழைத்துக்கொண்டு வருவதாக இருந்தது. மகன் பெயர் தட்டில் அச்சாகியிருப்பதைப் பார்க்க அந்தத் தாய் மீன் வறுத்து எடுத்துக்கொண்டு வந்துகொண்டிருந்தார்.

டெல்ராய் பெட்டியைத் திறந்தார். நடுவில் ஒட்டியிருந்த சீட்டில், இரண்டு பக்கத்திலும், டெல்ராய் ஹிங்க்சன் என்ற பெயர் மட்டும்தான் இருந்தது. தாடியஸ் பெயரே இல்லை! அந்தக் காலத்தில் டி.ஜே.தானே நட்சத்திரம்? மைக் பிடிப்பவரை யார் மதித்தார்கள்?

டெல்ராய் நேராகப் போய்க் குளியல் தொட்டியில் வெந்நீரைத் திறந்துவிட்டார். தட்டுகளை முக்கினார். என்னையும் தேய்க்கச் சொன்னார். போட்டி டி.ஜே.க்கள் எட்டிப் பார்த்து எந்தப் பாட்டு என்று தெரிந்துகொள்ளாமலிருக்க, தட்டின் சீட்டை ஊறவைத்து உரிப்பது நம் ஊர் வழக்கம். ஆனால் சொந்தத் தட்டையே உரித்தவர் உண்டா?

"அவங்கம்மா புள்ள பேரைப் பாக்க வர்றாங்க ஜெனீவா. என் பேரு மட்டும் இருந்தா அந்த முகத்தை நான் எப்படிப் பாப்பேன்?" என்றார்.

தாயும் மகனும் வந்தார்கள். பழக்கதோஷத்தில் கை ஓடிவிட்டது என்று டெல்ராய் தலையைச் சொறிந்தார். தாடியஸ் கத்திய கத்தலில் மாடிவீட்டு ஜன்னல்கள் திறந்தன. அவர் தாயாரோ, "ஏண்டா, உனக்கு மூளை இருக்கா?" என்று டெல்ராயைத் திட்டிக்கொண்டே மீனை எடுத்துப் பரிமாறினார். டெல்ராய் வாயை மீனுக்கு மட்டுமே திறந்தார்.

பிறகு நடந்தது உங்களுக்கே தெரியும்! நாங்கள் உரித்த தட்டு ஒன்று வானொலிக்குப் போனது. எது முன்பக்கம், எது பின்பக்கம் என்று தெரியாமல் வானொலிக்காரர் கைக்கு வந்த பக்கத்தில் ஊசியை வைத்தார். அது நம் பக்கம்! சீட்டு இருந்திருந்தால் காதல் பாட்டைப் போட்டு, கொட்டாவி விட்டு, ஓரமாக வைத்திருப்பார். அன்றைக்கு அவர் தொலைபேசி ஓயவில்லை. கடைகடையாகப் போய், "பேரில்லாத பாட்டு ஒண்ணு குடுங்க" என்று நீங்கள்தானே கேட்டீர்கள்?

இரண்டாம் அச்சில் இரண்டு பெயரும் வந்தன. தான் போட்ட சண்டையால் வந்தது என்று தாடியஸ் நினைத்துக்கொண்டிருக்கிறார். இல்லை! தாடியஸ் பெயர் இல்லாமல் ஒரு தட்டு வெளியே போனாலும் அடுத்த பாட்டுக்கு வரமாட்டேன் என்று நிறுவனத்தில் போய் உட்கார்ந்தவர் டெல்ராய். கோரின் அம்மையார் அவர்களே, உண்மையா, பொய்யா? தலையாட்டுகிறார். பார்த்துக்கொள்ளுங்கள்!

ஏன் சொல்லவில்லை என்று டெல்ராயிடம் சண்டை பிடித்திருக்கிறேன். அவர் சொன்னார்: "அவன் பேரைப் போடணும்னு யாருக்கும் தோணவே இல்லைன்னு தெரிஞ்சா மனசு விட்டுப்போயி பாட மாட்டான். என்னைத் திட்டிக்கிட்டாவது பாடட்டும். என் மூச்சு இருக்கிறவரைக்கும் நீ வாயைத் திறக்காதே."

திறக்கவில்லை. செவ்வாய்க்கிழமை அந்த மூச்சு நின்றுவிட்டது. ஹயசிந்த், உன் கணவர் யார் பெயரையும் அழிக்கவில்லை, தன் பெயரைத்தான் அழித்தார். நிமிர்ந்து உட்காரம்மா!

பெருமக்களே, ராப் என்று ஒன்று வருவதற்கு முன்னால் மைக் பிடித்தவனின் வேலை என்னவாக இருந்தது? டி.ஜே.யின் பெயரைச் சொல்லிக் கூட்டத்தை எழுப்புவது! அந்த வேலையை இன்றிலிருந்து நாம் எல்லோரும் எடுத்துக்கொள்வோம். இந்த ஊரில் அந்தப் பாட்டு எங்கே ஒலித்தாலும், முதல் தாளம் விழுமுன் டெல்ராய் ஹிங்க்சனின் பெயர் ஒலிக்கும். இது உறுதி!

தாடியஸ், கண்ணை அப்புறம் துடைத்துக்கொள்ளலாம். இந்தா மைக். டெல்ராய் பெயரைச் சொல்லிக் கூப்பிடு. பதில் சொல்ல நாங்கள் இருக்கிறோம்.