பங்களாவை விட்டுப் போகாதவள்

"ஒரு பேய்க்காகத் திரும்பவும் டயகம தோட்டம் வரைக்கும் போகணுமாடி?"

ஹட்டன் பஸ்ஸில் எனக்கு முன் இருக்கையில் இரண்டு பெண்கள். கேட்டவள் தோழி. மற்றவளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது.

"அங்க இருக்கிற மாஸ்டர்கிட்டதான் அந்தப் பேய் நாவலோட மொதப் பதிப்பு இருக்கு. குடுக்கிற வரைக்கும் போவேன்."

"போன தடவ நாயை அவுத்து விட்டாரு."

"நாய்க்கு பிஸ்கட் வாங்கியிருக்கேன்."

"அதே நாவல் டவுன் கடையில புதுசா கெடக்குதே?"

"புதுசுல முடிவ மாத்திட்டாங்க. பூசாரி வந்து பேயா வர்றவள மரத்துல ஆணியடிச்சு வச்சிடுறாரு. மொதப் பதிப்புல அவ பங்களாவ விட்டுப் போகவே மாட்டா. தோட்டத்துத் தொரைதான் பயந்துபோயி பெட்டியக் கட்டுவாரு."

"பேய்க் கதையெல்லாம் வீட்டுக்கு ஆகாதுன்னு மாப்பிள்ளை சொன்னாராமே?"

"சொன்னாரு. சீதனத்துக்குக் கட்டில் வேணாம், கண்ணாடி அலமாரி செஞ்சு குடுங்கன்னு அப்பாகிட்ட சொல்லிட்டேன். சேர்த்த புத்தகம் அத்தனையும் என்னோட வருது."

"அவரு விடலைன்னா?"

சாரல் அடித்தது. அவள் ஜன்னலை இழுத்துச் சாத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"யாரு பெட்டியக் கட்டுறாங்கன்னு பாப்போம்."